கண்ணாடி நூலும் ராக்கெட் குழாயும்

இந்த முறை ஒரு குழாயின் சரித்திரத்தை எழுத எடுத்துக்கொண்டேன். ராக்கெட்டின் உடம்பாக நிற்கும் குழாய். ராக்கெட் என்றதும் எல்லோரும் நெருப்பையும் புகையையும் நினைக்கிறோம். அந்த நெருப்பை அடக்கி நேர்வழியில் ஓட்டுவது சுற்றியிருக்கும் கூடுதான். அந்தக் கூட்டின் கதையில் பாதி நெசவுக் கதை. பாவும் ஊடையும் தெரிந்த சங்கரன்கோவில் வாசகர்களுக்கு அதை விளக்க எனக்கு அதிகச் சிரமம் இருக்காது.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதும், புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று மனைவியின் ஊருக்கு வந்து சேர்ந்தவன் என்பதும் பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் ராக்கெட்டுக்கு ‘ஃப்யூஸே’ என்று பெயர். பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு, நூல் சுற்றி நிறைந்த கதிர் என்று பொருள். ராட்டையில் நூல் ஏறும் கதிரைத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தின் ‘ராக்கெட்’டும் அப்படித்தான். நூற்கிறவர்கள் பஞ்சைச் சுற்றி வைத்துக்கொள்ளும் கோலுக்கு இத்தாலியில் வழங்கிய பெயரிலிருந்து அது வந்தது. நீண்டு, நடுவில் தடித்து, முனை கூராக இருந்த வாணத்தைப் பார்த்தவர்களுக்கு நூல் சுற்றிய கதிர் நினைவுக்கு வந்திருக்கிறது. நம் மொழியில் ‘வாணம்’ என்றே சொல்லி வந்தோம். திருவிழா வாண வேடிக்கையில் அந்தச் சொல் இன்றும் இருக்கிறது.

வாணத்தின் கூடு முதலில் மூங்கிலும் காகிதமுமாக இருந்தது. மருந்தைக் கெட்டித்து நிரப்பினால் அந்தக் கூடு வெடிக்கும். அதனால் வேகத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லையை உடைத்தவர்கள் மைசூர்க்காரர்கள். ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் மருந்தை இரும்புக் குழாயில் அடைத்தார்கள். இரும்பு கூடுதல் அழுத்தம் தாங்கியதால் ராக்கெட் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வரை போனது. 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படை தோற்ற சண்டையில் இந்த ராக்கெட்டுகள் பாய்ந்தன. திப்பு வீழ்ந்தபின் ராக்கெட்டுகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். வில்லியம் காங்கிரீவ் 1800களின் தொடக்கத்தில் செய்த ராக்கெட்டுகளுக்கு வழி அங்கேதான் திறந்தது. மருந்து ஏறக்குறைய பழையதுதான். வித்தியாசம் குழாயில் இருந்தது.

இரும்பின் குறை அதன் கனம். உயரே போக வேண்டிய பொருளில் கூடே பாதி எடை என்றால், தூக்கிப் போகிற சரக்குக்கு இடம் ஏது? காகிதம் இலேசு, ஆனால் பலமில்லை. நம் பக்கத்துச் சிவகாசியில் ராக்கெட் வெடிக்கு இன்றும் காகிதக் குழாய்தான். பசை தடவி அடுக்கடுக்காகச் சுருட்டி உலர்த்துகிறார்கள். நூறு மீட்டர் போகிற வாணத்துக்கு அது போதும். இரும்பின் பலமும் காகிதத்தின் இலேசும் ஒரே குழாயில் வேண்டும் என்றபோது, மனிதர்கள் திரும்பவும் நூலிடம் வந்தார்கள். இம்முறை கண்ணாடி நூல்.

கண்ணாடியை உருக்கி இழையாக இழுக்கலாம் என்பது பழங்காலத்திலேயே தெரிந்த வித்தை. அதை நெய்யத் துணிந்தவர்களில் ஒருவர் பிரான்சைச் சேர்ந்த துய்புய்-பொன்னெல்; 1836இல் கண்ணாடி நெசவுக்குக் காப்புரிமை வாங்கினார். 1893இல் சிகாகோ கண்காட்சியில் கண்ணாடி இழையும் பட்டும் சேர்த்து நெய்த ஓர் உடையை வைத்தார்கள். பார்க்க அழகு, ஆனால் உடுத்த உதவாது. 1930களில்தான் அமெரிக்காவில் ஓவன்ஸ்-இல்லினாய்ஸ் கம்பெனியில் கேம்ஸ் ஸ்லேட்டரும் அவருடைய ஆட்களும் கண்ணாடி இழையை மலிவாகவும் ஏராளமாகவும் செய்யும் வழியைக் கண்டார்கள். 1938இல் ஓவன்ஸ்-கார்னிங் என்ற கம்பெனி அதற்கென்றே பிறந்தது.

இழை மட்டும் இருந்தால் அது துணி, நிற்காது. அதைப் பிடித்து நிறுத்தப் பிசின் வேண்டும். எபாக்சி என்கிற பிசினைக் கண்டவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் பியேர் காஸ்தான். 1930களில் அவர் தேடியது பல் செட்டு செய்ய ஒரு பொருள்! அது சீபா கம்பெனியின் கைக்குப் போய், 1946இல் ‘அரால்டைட்’ என்ற பெயரில் வந்தது. உடைந்த வாளிப்பிடியிலிருந்து கோயில் மணி நாக்கு வரை நம் வீடுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே அரால்டைட்தான்.

கண்ணாடி இழை இழுத்தால் தாங்கும், ஆனால் வடிவம் இல்லை. பிசினுக்கு வடிவம் உண்டு, ஆனால் தனியாக நின்றால் எளிதில் விரிசல் விடும். இரண்டும் சேர்ந்தால் இரண்டின் குறையும் மறைகிறது. ஓர் உடலில் இரு தெய்வங்களைக் கும்பிடும் ஊர்க்காரர்கள் நாம். இரண்டு சேர்ந்து ஒன்றாகும், ஆனால் எதுவும் தன் இயல்பை விடாது என்பதைச் சங்கரநாராயணர் சந்நிதியிலேயே பார்த்துவிட்டோம்.

நம் நெசவாளிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாவு அறுந்துபோகாமல் இருக்க நாம் கஞ்சி போடுகிறோம் அல்லவா? கண்ணாடி நூலுக்கும் கஞ்சி உண்டு. ஸ்டார்ச்சும் எண்ணெயும் கலந்த பூச்சு இல்லாவிட்டால் இழைகள் தறியில் ஒன்றோடொன்று உரசி நொறுங்கும். ஆனால் நெய்து முடித்த பிறகு அந்தக் கஞ்சியே இடைஞ்சல். அது இருந்தால் பிசின் இழையைப் பிடிக்காது. அதனால் துணியைச் சூளையில் சூடாக்கிக் கஞ்சியை எரித்துவிட்டு, பிசினோடு கைகோக்கும் வேறொரு பூச்சைக் கொடுக்கிறார்கள். நெய்த சேலையைக் கஞ்சி போக அலசிச் சாயத்துக்கு அனுப்புகிற வேலைதான் இது. தண்ணீருக்குப் பதிலாக நெருப்பு.

ராக்கெட் குழாய்க்குத் துணிகூட அவசியமில்லை என்று பிறகு தெரிந்தது. சுழலும் உருளையின் மேல் பிசினில் தோய்ந்த இழையை நேராகச் சுற்றிவிடலாம். குறுக்கும் நெடுக்குமாக, கணக்காகச் சுற்றவேண்டும். தார் சுற்றுவது என்று நாம் சொல்கிற வேலையின் பெரிய அண்ணன் அது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் போலாரிஸ் ஏவுகணைக்கு இப்படிச் சுற்றிய கண்ணாடி இழைக் கூடுகள் வந்தன. நூல் சுற்றிய கதிர் என்று பெயர் வாங்கிய பொருள், பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு மெய்யாகவே நூல் சுற்றிய கதிராகிவிட்டது.

இனி மலைக்கு அந்தப் பக்கம் போவோம். 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சினுடையது. புனித மரிய மதலேனாள் தேவாலயத்தையும் அதைச் சுற்றிய நிலத்தையும் மீனவ மக்கள் விட்டுக்கொடுத்திருந்தார்கள். தேவாலயக் கட்டடத்திலேயே வேலை நடந்தது. தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே போனது. நம் திருநெல்வேலியும் அந்தக் கோட்டை ஒட்டிய ஊர்தான். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகே ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருப்பது அதனால்தான். அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஆறுபோல் ஓடுகிறது. அதை அளக்கக் காந்தமானியை மேலே அனுப்ப வேண்டும்.

இங்கேதான் கூடு மறுபடியும் முக்கியமாகிறது. காந்தத்தை அளக்கப் போகிற கருவியை இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் என்ன அளக்கும்? காந்தத்தோடு எந்த வம்புக்கும் போகாத கூடு வேண்டும். கண்ணாடி இழை அதற்குப் பொருத்தம். தும்பாவில் இந்த வேலையை எடுத்துச் செய்தவர்களில் முன்னிற்பவர் நம் இராமேஸ்வரத்து அப்துல் கலாம். சி. ஆர். சத்யா போன்ற இளம் பொறியாளர்களுடன் சேர்ந்து, காந்தம் கலவாத கருவிக் கூடுகளைக் கண்ணாடி இழையில் செய்ததையும், 360 மில்லிமீட்டர் விட்டம் வரை ராக்கெட் மோட்டார்க் கூடுகளைச் சுற்றிப் பறக்கவிட்டதையும் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் அவரே சொல்கிறார். 1967 நவம்பர் 20 அன்று பறந்த நம் முதல் ரோகிணி ராக்கெட்டின் விட்டம் வெறும் 75 மில்லிமீட்டர், அதாவது மொட்டைமாடியிலிருந்து மழைநீர் இறங்கும் மூன்று அங்குலக் குழாய் அளவு. அங்கிருந்து சில ஆண்டுகளில் 360க்கு வந்திருக்கிறார்கள்.

1966இல் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் தும்பாவுக்கு வந்து எடுத்த படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ராக்கெட்டின் கூம்பு முனையைச் சைக்கிள் கேரியரில் வைத்து இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்தப் படத்தைப் போட்டு ‘எவ்வளவு ஏழ்மை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப் போகிற அளவுக்கு அந்தப் பாகம் இலேசாக இருந்தது.

பிரான்சு நமக்குக் கொடுத்ததும், கேட்டதும், கைவிட்டதும் இந்தக் கதையில் உண்டு. ‘சாந்தோர்’ என்னும் இரண்டு கட்ட ராக்கெட்டை இங்கே செய்ய உரிமம் கொடுத்தார்கள். 1960களின் கடைசியில் இந்தியாவில் செய்த சாந்தோர்கள் தும்பாவிலிருந்து பறந்தன. பாதி மனிதன், பாதி குதிரையான கிரேக்கப் புராண உருவத்தின் பெயர் அது. பிறகு திசை மாறியது. எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் நான்காம் கட்டத்தைக் கலாமின் குழு வடிவமைத்தபோது, தங்கள் ‘தியமான்’ ராக்கெட்டின் மேல் கட்டமாக அது உதவுமா என்று பிரெஞ்சு விண்வெளி மையம் கேட்டது. தியமான் என்றால் வைரம். அதற்காக 250 கிலோ எடையும் 400 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டிருந்த கட்டத்தை 600 கிலோவாகவும் 650 மில்லிமீட்டராகவும் மாற்றினார்கள். இரண்டு வருட உழைப்பு. ஒப்படைக்கப் போகிற நேரத்தில் பிரான்சு அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டது.

பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த உழைப்பு வீண்போகவில்லை. அந்த நான்காம் கட்டமே 1980 ஜூலை 18 அன்று ரோகிணிச் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அதன் வழியில் வந்த மோட்டாரே ‘ஆப்பிள்’ செயற்கைக்கோளிலும் இருந்தது. 1981 ஜூன் 19 அன்று ஆப்பிளைத் தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூருவிலிருந்து தூக்கிப் போனது ஏரியான் ராக்கெட். வைரத்தில் ஏற வேண்டியது ஏரியானில் ஏறியது. மாட்டுவண்டியில் செயற்கைக்கோளை வைத்துப் போகும் படம் இந்த ஆப்பிளுடையதுதான். ஆன்டெனாவைச் சோதிக்க உலோகம் இல்லாத மேடை வேண்டும் என்பதற்காக மரவண்டியைத் தேர்ந்தார்கள். காந்தமானிக்குக் கண்ணாடி இழை, ஆன்டெனாவுக்கு மாட்டுவண்டி; இரண்டுக்கும் பின்னால் இருக்கும் கணக்கு ஏறக்குறைய ஒன்றே.

இவ்வளவும் நான் தேடிப் படிக்கக் காரணம் எங்கள் தெருப் பையன் ஒருவன். பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். மாணவர் போட்டிக்காக நாலடி நீளக் காகிதக் குழாயில் கண்ணாடித் துணி சுற்றி ராக்கெட் செய்கிறான். பிரான்சில் மாணவர்கள் செய்யும் சிறு ராக்கெட்டுகளை விண்வெளி மையமும் ‘பிளானேத் சியான்ஸ்’ என்ற சங்கமும் சேர்ந்து ஆண்டுதோறும் பறக்கவிடுகிறார்கள். அங்கே யாரோ எழுதிய சில பிரெஞ்சுப் பக்கங்களைக் கொண்டுவந்து, “தாத்தா, இத வாசிச்சுச் சொல்லுங்க. குழாய் மேல துணி அச்சு அப்படியே தெரியுது, வழவழன்னு வரமாட்டேங்குது” என்றான்.

வழவழப்பு வெறும் அழகுக்கு இல்லை. மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் காற்று பிடித்து இழுக்கும்; சிறிய ராக்கெட்டின் உயரத்தைத் தின்பதில் பெரும்பங்கு அந்த உரசலுக்கே. துணி சுற்றிய குழாயில் உள்பக்கம் அச்சில் பட்டிருப்பதால் தானாகவே வழவழப்பாக இருக்கும். வெளிப்பக்கத்தைத் தொடுவது காற்று மட்டும். அதனால் பாவும் ஊடையும் மேடு பள்ளமாக அங்கே தெரியும்.

பிரெஞ்சுப் பக்கங்களில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டில் பேரன் பேத்திகள் இருந்தால் உதவும். காகிதக் குழாயின் பளபளப்பை முதலில் இலேசாகத் தேய்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிசின் பிடிக்காது. பிசினையும் கடினமாக்கியையும் சொன்ன அளவில் எடை போட்டுக் கலக்க வேண்டும், கண்ணளவு கூடாது. நம் ஊர் வெயிலில் கலவை சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் காலையில், கொஞ்சம் கொஞ்சமாக, அகலத் தட்டில் கலக்கலாம். இது மட்டும் நான் சேர்த்தது. துணியை விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அட்டையால் தள்ளி, காற்றுக் குமிழியையும் மிஞ்சிய பிசினையும் வெளியேற்ற வேண்டும். பிசின் அதிகமானால் எடை கூடும், பலம் கூடாது. ஈரமாக இருக்கும்போதே மேலே பாலியஸ்டர் பிலிமை இறுக்கமாகச் சுற்றிவிட்டால் அதன் வழவழப்பு குழாய்க்கும் வரும்.

இறுகிய பிறகு சில பிசின்களின் மேல் எண்ணெய்ப் பசைபோல ஒரு படலம் நிற்கும். அதைத் தண்ணீர்விட்டுத் தேய்த்துக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும். பெயிண்டும் உரிந்து வரும். அப்புறம் பிசினோடு நுண்ணிய கண்ணாடிக் குமிழ்த் தூளைக் கலந்து, கார் பட்டறையில் பட்டி பார்ப்பதுபோல் பள்ளங்களை நிரப்ப வேண்டும். நீளமான நேர்க்கட்டையில் தாளைச் சுற்றி 80, 120, 220 என்று போய், கடைசியில் 400ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீரோடு தேய்க்க வேண்டும். தேய்க்குமுன் பென்சிலால் குறுக்குக்கோடுகள் போட்டுவிட்டால், கோடு அழியாமல் நிற்கும் இடம் பள்ளம் என்று தெரியும். ‘தேய்ப்பது’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல் நுரைக்கல்லின் பெயரிலிருந்து வந்தது. உப்புத்தாள் வருமுன் அந்தக் கல்லால் தேய்த்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கங்களில் இரண்டு எச்சரிக்கைகள் தடித்த எழுத்தில் இருந்தன. ஒன்று, துணி வரை தேய்க்காதே. கண்ணாடி இழை வெள்ளையாகத் தெரிந்துவிட்டால் இழை அறுபடுகிறது என்று அர்த்தம். வழவழப்பு வரும், பலம் போய்விடும். இரண்டு, தூசி. முகக்கவசமும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தேய்க்கக் கூடாது. கண்ணாடித் தூசி தோலில் குத்தி அரிக்கும், தொண்டையைக் கெடுக்கும். தண்ணீர்விட்டுத் தேய்த்தால் தூசி பறப்பது குறையும்.

பக்கத்து விசைத்தறிக்காரர் திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பையன் சுற்றியிருந்த முதல் குழாயை வாங்கித் தடவிப் பார்த்தார். “அண்ணாச்சி, இவன் துணிய இழுத்து விரிக்கல. விரிக்கும்போது விழுந்த சுருக்கத்த அப்புறம் தேய்ச்சு எடுக்க முடியுமா? லேய், அடுத்த தடவ ரெண்டு பேரா புடிச்சுச் சுத்துங்கலே” என்றார். பிரெஞ்சுப் பக்கங்களில் மூன்று பத்தியில் இருந்ததை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். இரண்டாவது குழாயைப் பையன்கள் இருவராகப் பிடித்துச் சுற்றினார்கள். அதில் தேய்க்க வேண்டிய வேலை பாதிகூட இல்லை.

ஆபீசில் நாங்கள் வரைவு எழுதி, பிறகு நற்படி எடுப்போம். வரைவு சரியாக இல்லாத கோப்பை எவ்வளவு அழகான கையெழுத்தில் நற்படி எடுத்தாலும் மேலதிகாரியிடமிருந்து திரும்பி வரும். குழாய்க்கும் அந்தச் சட்டம்தான். தும்பாவில் கூம்பையும் கூட்டையும் செய்தவர்கள் இந்தத் தூசியையும் அரிப்பையும் தாண்டித்தான் வந்திருப்பார்கள். பறந்த ராக்கெட்டுக்குத் தேதி இருக்கிறது, பெயர் இருக்கிறது. சுற்றிய கைகளுக்கு அப்படிப் பட்டியல் இல்லை. அவர்களும் இந்தச் சரித்திரத்தில் சேர வேண்டியவர்கள் என்பதற்காகத்தான் குழாயைப் பற்றி எழுத நினைத்தேன்.

ராக்கெட்டுக்காகக் கற்ற இந்த வித்தை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏவுகணை வேலைக்காக கலாம் ஹைதராபாத்தில் இருந்தபோது, நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அக்னிக்காகச் செய்த பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து அதன் இலேசில் வியந்தவர், கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே போலியோவில் கால் சூம்பிய பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிப்பர்களை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். மூன்று வாரத்தில் 300 கிராம் எடையில் மாற்றுக் காலிப்பரைச் செய்து கொடுத்தார்கள். பிள்ளைகள் ஓடியதையும் பெற்றோர் அழுததையும் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இதைச் சொன்னபோது பையன் தன் குழாயைத் திருப்பிப் பார்த்து, “அப்ப அது காலுல படுற பக்கம் இதவிட வழவழப்பா இருந்திருக்கணும் தாத்தா” என்றான். ராக்கெட்டின் சொரசொரப்பு காற்றைத்தான் உரசும். காலிப்பரில் அது குழந்தையின் தோலை உரசியிருக்கும். அடுத்த மாதம் அவனுடைய போட்டி. எவ்வளவு உயரம் போனது என்பதை வந்து சொல்வான், எழுதுகிறேன்.